இரைச்சல் பிடிக்கிற டீச்சர்

முதல் நாள் டீச்சர் என்னைக் கொல்லப்போகிறார் என்று நினைத்து ஓடினேன். பிறகு ஒரு சனிக்கிழமை அவர் என்னைக் காப்பாற்றியபோதும் ஓடினேன். இரண்டு தடவையும் வேகம் ஒன்றுதான். இரண்டாவது தடவை காலில் செருப்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வடுகபட்டியில் ஒரே ஓட்டுக் கூரைக்கு அடியில் ஒட்டிப் பிறந்த இரண்டு வீடுகள். நடுச்சுவர் கூரையைத் தொடாமல், மேலே இரண்டு முழம் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. கட்டியவருக்குச் செங்கல் தீர்ந்ததா, பொறுமை தீர்ந்ததா என்று தெரியாது. இரண்டாயிரத்து ஒன்றில் அதில் ஒரு வீட்டுக்கு நான் குடிபோனேன். பூண்டுச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் எடைச்சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. கல்யாணம் ஆகவில்லை. சொத்து என்று ஒரு கேஸ் அடுப்பும் நாலு சட்டையும். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரும் அவர் கணவரும்.

குடிவந்த மரியாதைக்குக் கதவைத் தட்டினேன். டீச்சர் திறந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது கையில் புகைகிற சாலிடரிங் அயர்ன், என் மூக்குக்கு நேராக. இடது கை முதுகுக்குப் பின்னால், இடுப்புச் செருகலுக்குள் போய் மறைந்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காட்டுகிற கையிலேயே பழுக்கக் காய்ச்சிய கம்பி என்றால், மறைக்கிற கையில் அரிவாள்தான் இருக்கும் என்று என் மூளை முடிவுகட்டிவிட்டது. நல்ல காரியம் எதற்கும் அது இத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்ததில்லை.

தெருமுனை டீக்கடை தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்து என் பிடரியைப் பிடித்தது.

"ஏலே எடைச்சீட்டு! எதுக்குலே ஓடுற? அவ வாங்கன்னுதானலே சொன்னா!"

அது டீச்சரின் கணவர், பிற்பாடு எனக்கு அண்ணன். எங்கள் சந்தையில் ஏலம் கூறுபவர் அவர்தான். அவர் மைக் பிடித்து நான் பார்த்ததில்லை. பெரியகுளத்தில் பஸ் ஏறுகிறவனுக்கே அன்றைய விலை தெரிந்துவிடும் என்று சந்தையில் கேலி பேசுவார்கள். வீட்டிலும் அதே குரல்தான். "உப்புப் பத்தல... ஒரு தரம்! உப்புப் பத்தல... ரெண்டு தரம்!" என்று அவர் சாப்பிடுவது எனக்குச் சுவர் வழியாக வரும். மூன்றாம் தரத்துக்கு முன்னால் நானே உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று இருக்கும்.

அந்த மனிதருக்கு வாய்த்த மனைவிக்குத்தான் குரல் இல்லை.

முந்தின வருஷம் டீச்சருக்குக் கழுத்தில் கழலை ஆபரேஷன் ஆகியிருந்தது. கழலை போனது, கூடவே குரலும் போய்விட்டது. மிச்சம் இருந்தது காற்று மட்டும். காதோரம் ரகசியம் சொல்வது போல ஒரு கிசுகிசுப்பு. அதில் திட்டவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. அவர் பிழைப்போ நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துவது. ஐம்பது பிள்ளைகள் முன்னால் கிசுகிசுத்தால் முதல் பெஞ்சு தாண்டாது.

தேனியில் ஒரு கடையில் சின்ன ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். சாதாரணக் குரலுக்கு அது போதும். கிசுகிசுப்பு கேட்க வேண்டுமென்றால் முழுதாகத் திருகி வைக்க வேண்டும். திருகினால் டீச்சரின் குரல் வருவதற்கு முன்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று அந்தப் பெட்டியின் சொந்த இரைச்சல் வந்து நின்றது. மூன்றாம் நாள் பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: குக்கர் டீச்சர். அவர் வகுப்புக்குள் நுழைந்தாலே கடைசி பெஞ்சு ஒரு விசில் விடும்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். அவர் சொன்னதை டீச்சர் என்னிடம் அப்படியே ஒப்பித்தார். "ஆடி மாசம் ஆய்வுக்கு அதிகாரி வர்றாக டீச்சர். வந்தா கடைசி பெஞ்சிலதான் உக்காருவாக. அவுகளுக்குக் கேக்கலைன்னா, வகுப்ப வேற ஆளுக்குக் குடுத்துட்டு உங்கள ஆபீஸ்ல உக்கார வைக்கச் சொல்லிருவாக. அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"ஆபீஸ்ல உக்காந்து என்ன தம்பி செய்ய? பீரோவுக்கா பாடம் நடத்த முடியும்?" என்றார் டீச்சர். கிசுகிசுப்பில் சொன்னதால் எனக்கு அது பேய் சொன்னது போல இருந்தது. தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

அந்தப் பேயிடம்தான் ஒரு பிஸ்கட் டின் நிறைய வால்வுகள் இருந்தன. டீச்சரின் அப்பா கோம்பைப் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஒலிப்பெட்டி பார்த்தவர். பழைய ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழாய் சிவப்பாக எரியுமே, அதுதான் வால்வு. மைக்கிலிருந்து வருகிற துளி சத்தத்தை, இரைச்சல் சேர்க்காமல் முதலில் ஒரு படி பெருக்கிக் கொடுத்துவிட்டால், கடைப் பெட்டியை அதிகம் திருக வேண்டியதில்லை. அந்த முதல் படிக்கு ஒரு பெட்டியை அந்த வால்வுகளை வைத்துத் தானே செய்துவிடுவது என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். அதற்கு ப்ரீஆம்ப் என்று பெயர். அதன் உடம்பு, வீட்டு இட்லிக் கொப்பரை. அலுமினியம் என்றால் வெளியே அலைகிற இரைச்சலை உள்ளே விடாதாம். அண்ணன் ஆறு மாதம் தோசை மட்டும் சாப்பிட்டார். "இட்லி வேணும்... ஒரு தரம்!" என்ற குரல் மெல்ல மெல்ல நின்றுபோனது.

இடது கை மர்மம் அப்போதுதான் விலகியது. அந்தக் கொப்பரைக்குள் இருநூற்றைம்பது வோல்ட்டு.

"ஒரு கையால தொட்டா உதறிவிடும், அவ்வளவுதான். ரெண்டு கையாலயும் தொட்டா, ஒண்ணுல ஏறி இன்னொண்ணுல எறங்கும். போற வழி நெஞ்சுக்குள்ள தம்பி. அதனால எங்கப்பா இடது கைய இடுப்புல சொருகச் சொல்லுவாக."

இது வேலை நேரத்துக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. டீச்சருக்கு அது உடம்போடு ஊறிவிட்டது. ஒற்றைக் கையால் தோசை திருப்புவார், பூ வாங்குவார், பஸ் ஏறுவார். ஒருநாள் அவர் கொழுந்தனார் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீரபாண்டியிலிருந்து வந்திருந்தார். வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். டீச்சர் வலது கையால் மட்டும் வாங்கினார். கொழுந்தனார் முகம் கறுத்தது.

"என்ன மதினி, ஒத்தக் கையில வாங்குறீக? நாங்க என்ன தீண்டத்தகாத சொந்தமா?"

டீச்சருக்கு அது காதில் ஏறவே இல்லை. காது வேறு வேலையில் இருந்தது. தட்டைப் பிடித்தபடியே குனிந்து அவர் மணிக்கட்டு அருகே காதை வைத்தார். கொழுந்தனார் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"வாட்ச்சு ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா சேத்துக் குதிக்குது. பேட்டரி போகப்போகுது. முகூர்த்தத்துக்கு இத நம்பாதீக" என்றார் டீச்சர்.

கொழுந்தனார் காபி குடிக்காமல் போனார். நாலாம் நாள் நின்றுபோன வாட்ச்சோடு சந்தைக்கு வந்து, "ஏண்ணே, மதினிக்கு வேற என்னென்ன கேக்குது?" என்று அண்ணனிடம் ரகசியமாக விசாரித்தார். அண்ணன் அந்த ரகசியத்தை ஏலக் குரலில் சந்தைக்கே சொன்னார்.

டீச்சர் என்றால் அதுதான். ஒரு சத்தம் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவரால் அடுத்த வாய் சாப்பிட முடியாது. "பழகிக்கிடலாம்" என்ற சொல்லே அவரிடம் கிடையாது. என் சைக்கிள் பெடல் கிரீச்சிடுவதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்பார். நான் தனியாக இருக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிறவன். அன்றிலிருந்து மனசுக்குள்ளேயே பேசப் பழகினேன். அதுவும் கேட்டுவிடுமோ என்று கொஞ்ச நாள் மெதுவாக யோசித்தேன்.

பெட்டியிலிருந்து வந்த இரைச்சல்களை அவர் சொந்தக்காரர்களைப் போல அடையாளம் வைத்திருந்தார். 'உர்ர்' என்றால் டிரான்ஸ்ஃபார்மர். அதைத் தனிப் பெட்டியில் போட்டு அறையின் அந்தக் கோடிக்குத் துரத்தினார். தரையில் நடந்தால் 'டிங்' என்றது வால்வு. அதை சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பரில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டார். 'ஸ்ஸ்' என்றால் பழைய ரெசிஸ்டர். புதிய ரகம் மதுரையிலிருந்து வரவழைத்து ஒவ்வொன்றாக மாற்றினார். சோதனை நேரத்தில் ஃபேன், ஃபிரிட்ஜ், சுவர்க் கடிகாரம், அண்ணன் நாலும் நிறுத்தப்படும். முதல் மூன்றுக்கும் ஸ்விட்ச் உண்டு. அண்ணனை டீக்கடைக்கு அனுப்பிவிடுவார்.

எனக்கு வேலை, கடைசி பெஞ்சாக இருப்பது. வீட்டின் பின்கோடியில் போய் நின்று, அவர் கிசுகிசுப்பது கேட்கிறதா என்று சொல்ல வேண்டும். விசில் அடிக்கத் தோன்றினாலும் சொல்ல வேண்டும். நான் நேர்மையான கடைசி பெஞ்சு. வாழ்நாள் அனுபவம்.

அப்படி ஒரு நாள் டீச்சர் காபி எடுத்துவர உள்ளே போயிருந்தார். பெட்டி அணைந்திருந்தது. பிளக் கழற்றித் தரையில் கிடந்ததை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். செத்த பாம்பைத் தொட்டுப் பார்க்கிற தைரியம் எல்லாருக்கும் உண்டு. கொப்பரைக்குள் பளபளவென்று ஒரு வெள்ளி டப்பா. ஒரு கையால் கொப்பரையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அதன் தலையைத் தொட்டேன்.

அடுத்து நான் இருந்த இடம் அரிசி டிரம்முக்குப் பின்னால். எப்படிப் போனேன் என்பதற்குச் சாட்சி கிடையாது. "அம்மா" என்று கத்தியதாக எனக்கு ஞாபகம். டீக்கடையில் இருந்தவர்கள் அது வேறு சொல் என்கிறார்கள்.

டீச்சர் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. முதல் கேள்வி, "எந்தக் கை?"

"ரெண்டும்" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"அந்த வெள்ளி டப்பாதான் கண்டென்சர். பிளக்கப் புடுங்கினாலும் அதுக்குள்ள கரெண்டு கொஞ்ச நேரம் குடியிருக்கும் தம்பி. அது தானா வடிஞ்சு போக ஒரு ரெசிஸ்டர் போடணும்னு நெனச்சேன். சத்தத்துக்குப் பின்னாலயே அலஞ்சு அத விட்டுட்டேன். தப்பு எம்மேலதான்."

அன்றே அதைப் போட்டார். அத்தோடு எனக்கு ஒரு சட்டமும் போட்டார்: இந்த அறைக்குள் வந்தால் உன் இடது கையும் இடுப்பில். நான் அதை அளவுக்கு மேல் கடைப்பிடித்தேன். லுங்கிச் செருகலில் கையைச் செருகியபடி சந்தைக்குப் போனேன், சலூனுக்குப் போனேன். எடைச்சீட்டை ஒற்றைக் கையால் நீட்டியபோது ஒரு வியாபாரி, "ஆளுக்கு என்னப்பா, வாதமா?" என்று என் முதலாளியிடம் துக்கம் விசாரித்தார். பயந்தவனுக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது.

ஆடி பிறந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று என்றால் ஜன்னலைத் திறந்து வைத்தவன் வீட்டில் பாதித் தெரு வந்து படுத்துக்கொள்ளும். நான் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தினேன். அதிகாரி திங்கட்கிழமை வருகிறார் என்று பள்ளிக்குத் தகவல் வந்தது.

அந்த வாரம் என் வீட்டில் ஒரு வாடை. அழுகின பூண்டு வாடை. எங்கள் ஊரில் இதை ஒரு செய்தியாக யாரும் சொல்ல மாட்டார்கள். தெரு பூண்டு, சட்டை பூண்டு, குடிக்கிற தண்ணீரில் பூண்டு. இருந்தாலும் கட்டிலுக்கு அடியில் ஏதாவது உருண்டு கிடக்கிறதா என்று தேடினேன். நாலு சட்டையையும் துவைத்தேன். வாடை போகவில்லை. மண்டிக்குப் புது லோடு வந்திருக்கிறது, அதுதான் என் மூக்கிலேயே தங்கிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி வழக்கை முடித்தேன்.

அதே வாரம் டீச்சருக்கு ஒரு 'ஸ்ஸ்' மிச்சம் இருந்தது.

மற்ற எல்லாம் போய்விட்டது. உர்ர் இல்லை, டிங் இல்லை. ஆனால் புதன்கிழமையிலிருந்து ஹெட்போனுக்குள் மெல்லிசாக ஒரு சீறல். ரெசிஸ்டர் எல்லாவற்றையும் மாற்றினார். டின்னில் இருந்த வால்வுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சீறல் போகவில்லை. டீச்சர் சாப்பாட்டைக் குறைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டேன். நூலிழை மாதிரி இருந்தது.

"இது யாருக்கும் கேக்காது டீச்சர். ஐம்பது பிள்ளைக இருக்குற எடத்துல இது ஒரு சத்தமா? அப்படியே கொண்டு போங்க."

"கேக்கும்."

"யாருக்கு?"

"எனக்கு."

"அதிகாரி உங்க காத வாங்கி மாட்டிக்கிட்டா வரப்போறாக?"

"ஸ்ஸ் வந்தா கடைசி பெஞ்சு விசில் அடிக்கும். அடிச்சா எனக்குத் தொண்ட அடைக்கும் தம்பி. அதிகாரி முன்னாடி அப்படி நிக்கிறதுக்கு நான் இன்னைக்கே போயி ஆபீஸ்ல உக்காந்துருவேன்." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் தப்பிக்க நினைக்கும்போதெல்லாம் எனக்குக் காபி ஞாபகம் வரும்.

"இருங்க டீச்சர், நல்ல காபியா போட்டு எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

அவர் கவனிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கை அரிசி டிரம்முக்குள் விட்டு மூடிக்கொண்டிருந்தார். அப்படியே சிலையாக நின்றார். வெளியே எடுத்தார். மறுபடி உள்ளே விட்டார். நான் வாசலைத் தாண்டும்போது, மைக்கை ஒற்றைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நோயாளியின் முதுகில் டாக்டர் வைத்துப் பார்ப்பது போலச் சுவரில் வைத்து வைத்து நகர்ந்துகொண்டிருந்தார். பாவம், நெருக்கடி முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் கண்டுபிடித்ததைப் பிறகுதான் சொன்னார். அரிசிக்குள் விட்டால் சீறல் இல்லை. வெளியே எடுத்தால் இருக்கிறது. அப்படியென்றால் சீறல் பெட்டிக்குள் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. நடுச்சுவர் பக்கம் போகப் போக அது கூடுகிறது. ஸ்டூலில் ஏறிக் கூரை இடைவெளியில் மைக்கை நீட்டினால் தெளிவாகவே கேட்கிறது. சீறுவது என் வீடு. கூடவே அடுப்பில் நான் பாத்திரம் வைக்கிற சத்தமும் கேட்டிருக்கிறது.

புதன்கிழமைதான் நான் கேஸ் அடுப்பின் ரப்பர் டியூபை மாற்றியிருந்தேன். பழைய கிளிப் துருப்பிடித்து உடைந்துவிட்டது. புதுக் கிளிப்புக்காகக் கடை வரை போவானேன் என்று, பூண்டு மூட்டை தைக்கிற சணலை வைத்து இறுக்கி, மண்டிக்காரனின் பெருமையோடு இரட்டை முடிச்சு போட்டேன். நூறு கிலோ மூட்டை தாங்குகிற முடிச்சு. மூட்டைக்குள் இருப்பது பூண்டு, டியூபுக்குள் இருப்பது காற்று என்ற வித்தியாசம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. சிலிண்டரை மூடுகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. புது லோடு வேலையில் அன்றிலிருந்து சாப்பாடு கடையில்தான், அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை.

இப்போது நான் சமையல் மூலையில் நின்றேன். டீச்சர் அறையிலிருந்து நேராக வந்ததால் இடது கை இடுப்பில் இருந்தது. மற்றவர்கள் ஒரு கையால் அடுப்பைத் திருகும்போதே மறு கையால் லைட்டரைச் சொடுக்கிவிடுவார்கள். நான் முதலில் வலது கையால் பால் பாத்திரத்தை வைத்தேன். அதே கையால் அடுப்பைத் திருகினேன். பிறகு அதே கையை அலமாரிக்கு நீட்டி லைட்டரை எடுத்தேன். அடுப்புக்குக் கொண்டுவந்தேன்.

"தம்பி! பத்த வைக்காதீங்க!"

ஒரு பெண்குரல். வானத்திலிருந்து. எனக்குத் தெரிந்த யாருடைய குரலும் அல்ல. கனமான, தெளிவான, கொஞ்சமும் பிசிறில்லாத குரல் ஓட்டுக் கூரையெல்லாம் நிறைந்து இறங்கியது. என் பெருவிரல் லைட்டர் மேல் அப்படியே நின்றது.

நான் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் சாமி என்னிடம் நேரடியாகப் பேசும், அதுவும் அடுப்பு விஷயமாகப் பேசும் என்று எதிர்பார்த்தது கிடையாது.

"லைட்டரக் கீழ வைங்க. ஸ்விட்ச்சு எதையும் தொடாதீங்க. வெளிய போங்க தம்பி!"

டீச்சர் ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டிருந்தார். கத்தத் தெரியாத அந்தத் தொண்டை வழக்கம்போலக் கிசுகிசுத்ததுதான். இட்லிக் கொப்பரைதான் கத்தியது. சோதனையில் நான் கேட்டதெல்லாம் இரைச்சலுக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு; முழுதாகத் திறந்து அது உலகத்தோடு பேசிய முதல் பேச்சு இதுதான்.

லைட்டரை நான் கீழே வைக்கவில்லை. அதையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினேன். செருப்பில்லாமல், ஒரு கையில் லைட்டர், மறு கை இன்னமும் இடுப்பில். டீக்கடையில் அண்ணன் எழுந்து நின்று, "என்னலே ஆச்சு?" என்று கேட்டது பெரியகுளத்துக்குக் கேட்டிருக்கும். வீட்டுப் பக்கம் லைட்டரை நீட்டி நீட்டிக் காட்டினேன். தீவைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறான் என்று நினைத்து நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் என்னை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது டீச்சர் என் வீட்டுக்குள் இருந்தார். இடது கை முதுகுக்குப் பின்னால். வலது கையால் சிலிண்டரை மூடி, அடுப்பை மூடி, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்துகொண்டிருந்தார். ஆடிக் காற்று உள்ளே புகுந்து என் நாலு சட்டையையும் கொடியோடு தூக்கிப் போனது. அண்ணன் வாசலில் நின்று முதல் தடவையாகக் கிசுகிசுத்தார்: "ஏம்மா... வெளிய வந்துரும்மா..."

டீச்சர் சணல் முடிச்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வாடை வரலையா தம்பி?"

"வந்துச்சு டீச்சர். அழுகின பூண்டு வாடை. புது லோடுன்னு நெனச்சேன்."

"கேஸுக்குன்னு வாடை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னு கெட்ட வாடை ஒண்ணக் கலந்து அனுப்புறாக. அது அந்த வாடைதான்."

ஊர் முழுக்க மூட்டை மூட்டையாகக் கிடந்த பூண்டை நான் திரும்பிப் பார்த்தேன். மற்ற ஊரில் எல்லாம் அந்த வாடை எச்சரிக்கை. எங்கள் ஊரில் அது முகவரி. கையில் இருந்த லைட்டரை அப்போதுதான் கீழே வைத்தேன். நான் எதிலும் கொஞ்சம் தாமதம்.

திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கொப்பரையை ஒரு பூண்டுச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் குழந்தையை வைப்பது போல வைத்துப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் மைக்கை எடுத்தார். ஸ்பீக்கரிலிருந்து ஒன்றுமே வரவில்லை. அதிகாரி தலைமையாசிரியர் பக்கம் சாய்ந்து, "இது ஆன்ல இருக்கா?" என்று கேட்டாராம். "இருக்கு சார்" என்று டீச்சரே பதில் சொல்லியிருக்கிறார், கடைசி பெஞ்சுக்கு நேராக, தெளிவாக. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். விசிலுக்கு உதட்டைக் குவித்திருந்த ஒரு பயல் அப்படியே குவித்தபடி பாடம் முடியும்வரை இருந்தானாம். அதற்குப் பிறகு எட்டு வருஷம், ஓய்வு பெறும்வரை, டீச்சர் அந்த வகுப்பிலேயே இருந்தார். எந்த ஆபீஸ் பீரோவுக்கும் பாடம் நடத்தவில்லை.

ஆனால் எனக்கு இன்றைக்கும் மனசில் நிற்பது அந்தச் சனிக்கிழமையின் மிச்சம்தான்.

கூட்டம் கலைந்தது. வீடு காற்றாடியது. நான் மட்டும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். டீச்சர் என்னை அவர் வீட்டுக்குள் அழைத்துப்போய்த் தரையில் உட்கார வைத்தார். ஃபேன், ஃபிரிட்ஜ், கடிகாரம் எல்லாம் நின்றிருந்தன. அண்ணன் தானாகவே வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் ஹெட்போனை என் காதில் மாட்டினார். "சும்மா கேளுங்க" என்று மைக்கை என் கையில் கொடுத்தார். விழுந்துவிடக் கூடாதே என்று அதை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

உர்ர் இல்லை. டிங் இல்லை. ஸ்ஸ் இல்லை. இத்தனை அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. சில நொடிதான். அதற்குள் ஆரம்பித்தது.

டொம். டொம். டொம். டொம்.

யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவை இடிப்பது போல. அதுவும் வேகம் கூடிக்கொண்டே போனது. ஆறு மாத உழைப்பு, திங்கட்கிழமை ஆய்வு, எல்லாவற்றையும் நான் கையில் வாங்கிய ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டேன்.

"டீச்சர்! புதுசா ஒரு சத்தம் வருது டீச்சர்! இடிக்குது! நான் எதையும் தொடல, சத்தியமா தொடல!"

டீச்சர் குனிந்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதிலிருந்து விலக்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டார். வழக்கமாக ஒரு சத்தம் கிடைத்தால் அவர் முகத்தில் வருகிற வேட்டைக் களை வரவில்லை. மைக்கைப் பார்த்தார். அது என் மார்பில் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இதையும் எடுத்துருவீகளா டீச்சர்?" என்றேன்.

"வேணாம் தம்பி, அது இருக்கட்டும்" என்றார்.